ஏரிக்கரையில் இறங்காத பொன்னியின் செல்வன் பயணம்

கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலில் வரும் இடங்களைச் சுற்றிவந்தோம் என்று யாராவது படங்கள் போட்டால், அதில் பெரிய கோயில் விமானம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். தவறாமல் இருக்கும். கூடவே தஞ்சை அரண்மனையும் இருக்கும். சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது. கதை நடக்கும் காலத்தில் பெரிய கோயிலுக்கு அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையும் அதை ஒட்டிய குழப்பங்களும் ஏறத்தாழ 970ஆம் ஆண்டுச் சமாச்சாரம். விமானத்தின் உச்சிக்கு இராஜராஜன் செப்புக்குடம் கொடுத்தது 1010இல். தஞ்சை அரண்மனை என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்களே, அது நாயக்கர் கட்டி மராட்டியர் வாழ்ந்தது. நாவலில் தஞ்சைக் கோட்டையைக் காத்த பழுவேட்டரையர்கள் அதன் படியை மிதித்ததே இல்லை.

பெரிய கோயிலைப் பார்க்க வேண்டாம் என்று சொல்கிற பைத்தியக்காரன் நானில்லை. எத்தனை முறை பார்த்தாலும் தகும். ஆனால் நாவலின் பெயரைச் சொல்லி வேனில் ஏற்றிக்கொண்டு போய், பகல் முழுவதும் அரண்மனை தேடி அலையவிட்டு, 'இங்கேதான் குந்தவை பிராட்டி நின்றார்' என்று ஒரு மேட்டைக் காட்டுகிறார்கள் பாருங்கள், அதோடுதான் எனக்கு வழக்கு. சோழர் மாளிகைகள் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. கல்லில் கட்டிக்கொள்ளும் உரிமை இறைவனுக்கு மட்டும். கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேட்டைத் தோண்டியபோது கிடைத்ததே செங்கல் அடித்தளமும் கூரை ஓடுகளும்தான். பேரரசு உச்சத்தில் இருந்தபோது எழுந்த மாளிகைக்கே அந்தக் கதி. அதற்கும் அரை நூற்றாண்டு முந்தைய அரண்மனையைத் தேடிப் போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். திரும்பியதோடு விடமாட்டார், 'போகாதீர்கள், அங்கே ஒன்றுமே இல்லை' என்று போகிறவரையும் தடுத்துவிடுவார்.

தேட வேண்டியது தண்ணீரை. நாவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதல் வாக்கியமே கால வெள்ளத்தில் ஓடம் ஏறத்தான் அழைக்கிறது. முதல் பாகத்தின் பெயர் புது வெள்ளம். கதை தொடங்கும் நாள் ஆடிப் பதினெட்டு. பின்னாளில் இராஜராஜனாகும் இளவரசன் அருள்மொழிக்குப் பொன்னியின் செல்வன் என்ற பெயர் வந்ததே குழந்தையில் காவிரியில் விழுந்து பிழைத்ததால். நாவலின் நாயகன் வந்தியத்தேவன் செத்துப் பஞ்சடைத்த முதலையின் மேல் வேலெறிந்து இளவரசி குந்தவையின் முன்னால் அசடு வழிவது அரிசிலாற்றங்கரையில். ஐந்தாம் பாகத்துக்கு வந்தால் பெரிய பழுவேட்டரையரின் படகைக் கொள்ளிடம் கவிழ்க்கிறது, வானதியைக் கூரையோடு சேர்த்து வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. கல்கி மாயவரத்துக்குப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர். மாளிகைகளை அவர் கற்பனை செய்ய வேண்டியிருந்தது. வாய்க்காலையும் மடையையும் கற்பனை செய்ய அவசியமே இருக்கவில்லை.

எனவே என்னைக் கேட்டால் பயணத்தைத் தொடங்க வேண்டிய இடம் வீராணம். நாவல் தொடங்கும் வீரநாராயண ஏரி இதுதான். முதலாம் பராந்தகனின் பட்டப்பெயர்தான் ஏரிக்கும் பெயர். சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்கு வரும் பஸ் நெடுந்தூரம் கரையை ஒட்டியே ஓடும். கும்பகோணத்துக்குப் போகிற எத்தனையோ வாசகர்கள் நாவலின் முதல் பக்கத்தைத் தூங்கியபடியே கடந்துபோகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆற்றாமை. சென்னைக்காரர்களுக்கு இந்த ஏரியைச் செய்தித்தாளில்தான் தெரியும்: முழு மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1.465 டி.எம்.சி., இன்றைக்கு இருப்பு இவ்வளவு. 2004 முதல் அவர்கள் வீட்டுக் குழாயில் வருவதும் இந்தத் தண்ணீர்தான். வந்தியத்தேவன் பார்த்து மலைத்த தண்ணீரில் பல் துலக்கிக்கொண்டு தஞ்சாவூரில் போய் அவனைத் தேடுகிறோம்.

கரையில் இறங்கி நில்லுங்கள். ஒரு பக்கம் ஏரி. திரும்பினால் மறுபக்கம் வயல், கரையிலிருந்து சட்டென்று கீழே கிடக்கும். ஏரியின் நீர்மட்டம் வயலைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது அப்போதுதான் வயிற்றைக் கலக்குகிறபடி புரியும். இந்த மண்கரை விட்டுக்கொடுத்தால் கீழே இருக்கும் ஊர்களின் கதி என்ன? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கரையைக் காத்து, மடையைத் திறந்து, மூடி, தூர் வாரி வந்திருக்கிறார்கள். மதகுக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். உள்ளே அலையடித்துக் கொந்தளிக்கிற அதே நீர், வெளியே வரும்போது வாய்க்காலில் சாதுவாக ஓடுகிறது. ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களை, அதாவது மதகுகளை, பற்றிக் கல்கி பெருமைப்படும் பத்தியைப் பள்ளி நாட்களில் தாண்டிப் படித்தவன் நான். கதை எப்போது வரும் என்ற அவசரம். கரையில் நின்ற பிறகு அந்தப் பத்தியை வாய்விட்டுப் படிக்கத் தோன்றியது. நாவல் சொல்கிறபடி, வடக்கே படையோடு தங்கியிருந்த பராந்தகனின் மகன் இராஜாதித்தன், கொள்ளிடத்தில் வீணாகும் வெள்ளத்தைத் தேக்கப் போர்வீரர்களைக் கொண்டே இந்த ஏரியை வெட்டினான். அந்த இராஜாதித்தன் தக்கோலப் போரில் யானை மேலேயே மாண்டான். ஆண்டு 949. ஏரி நிற்கிறது.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று போனால் கடல் போல ஏரி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காவிரியின் வெள்ளம் இப்போது வானத்தை மட்டும் நம்பி வருவதில்லை. மேட்டூர் அணை 1934இல் வந்தது. அணையைத் திறக்க வேண்டும், கல்லணை தாண்டிக் கொள்ளிடத்தில் வர வேண்டும், 1836இல் கட்டிய கீழணையில் தேங்க வேண்டும், வடவாற்றில் திருப்பிவிட வேண்டும், அப்புறம்தான் வீராணம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்த ஆண்டாகப் பார்த்துப் போவது நல்லது. திறக்காத ஆண்டில் மாடு மேயும் ஏரியைப் பார்க்க நேரலாம். அதையும் பார்க்கத்தான் வேண்டும் என்பேன். கர்நாடகமும் தமிழ்நாடும் போடும் வழக்குகளுக்கு நடுவில்தான் இந்த நாவலின் நிலம் இருக்கிறது.

ஏரியின் தென்கோடியில் காட்டுமன்னார்கோயில். நாவலின் வீர வைணவன் ஆழ்வார்க்கடியானுக்குப் பிரியமான வீரநாராயணப் பெருமாள் கோயில் இங்கேதான். நாதமுனிகள் பிறந்த ஊர் என்பதால் வைணவர்கள் தேடி வருகிறார்கள். நாவல் வாசகர்கள் தேடி வர வேண்டிய சுவர் ஒன்று பக்கத்திலேயே உடையார்குடி அனந்தீசுவரம் கோயிலில் இருக்கிறது. இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. 'பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் நிலங்களைப் பறிமுதல் செய்வது பற்றியது. அவர்களோடு நிற்கவில்லை. தம்பிமார், பிள்ளைகள், தாய்மாமன்மார், பெண்ணெடுத்தவர்கள் என்று உறவுமுறை சொல்லிச் சொல்லி வலை விரிகிறது. பொழுது சாய்கிற நேரத்தில் வெயில் சாய்வாக விழும்போது போனால் எழுத்துகள் நிழல் பிடித்து எழுந்து நிற்கும். உச்சிவேளையில் வெறும் கல்தான் தெரியும். கிரந்தமும் தமிழும் கலந்த அந்த வரிகளில் எழுத்துக்கூட்டி ஒரு சொல்லைப் பிடித்துவிட்டால் போதும். ஐந்து பாகம் முழுக்க யார் கொன்றார், யார் கொன்றார் என்று நம்மை அலைக்கழித்த கேள்விக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சியம் இது. நாவல் தொடங்கும் ஏரிக்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கல்கி எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று தெரிந்துதான் ஆரம்பித்திருக்கிறார் என்பது என் கட்சி.

கொலை நடந்த கடம்பூர் மாளிகை எங்கே என்று கேட்பீர்கள். பக்கத்தில் மேலக்கடம்பூர் இருக்கிறது. தேர் வடிவில் சக்கரம் வைத்த கோயில் இருக்கிறது, நாவலின் காலத்துக்கு ஒரு நூற்றாண்டு பிந்திய முதலாம் குலோத்துங்கன் காலத்தது, சிற்பங்கள் அற்புதம். மாளிகை இல்லை. ஊர்க்காரர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

சோழர்களின் பழைய தலைநகரான பழையாறைக்கு வந்தாலும் இதே கதைதான், ஆனால் இங்கே ஊர்ப்பெயர்கள் காப்பாற்றுகின்றன. பட்டீசுவரத்தைச் சுற்றி சோழன்மாளிகை, ஆரியப்படையூர், பம்பைப்படையூர் என்று வரிசையாக வரும். அரண்மனை போய்விட்டது, படைவீடு போய்விட்டது, பெயர்ப்பலகை மட்டும் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறது. நான் அரிசிலாற்றுப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்புகிறவன். முதலையைப் பற்றிக் கவலை வேண்டாம். உண்மையான முதலைகளைப் பார்க்க வேண்டுமென்றால் அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்துக்குப் போக வேண்டும். அங்கே குளிக்க இறங்குமுன் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அவை பஞ்சடைத்தவை அல்ல.

கோடிக்கரைக்குத் தனியாக ஒரு முழு நாள் கொடுங்கள். நாவலின் இடங்களிலேயே மிகக் குறைவாக மாறியது இதுதான் என்று சத்தியம் செய்வேன். வந்தியத்தேவன் படகோட்டிப் பெண் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடிப் புதைசேற்றில் மாட்டிக்கொள்கிறானே, அந்தச் சேறு அப்படியே கிடக்கிறது. கால் வைத்தால் மேலே காய்ந்த ஏடு போல உப்புப் படிவு நொறுங்கும், அடியில் கறுத்த சேறு கணுக்கால் வரை வாங்கும். வழி தெரிந்தவர் துணையில்லாமல் இறங்க வேண்டாம். காட்டில் வெளிமான்கள், காட்டுவாக்கில் திரியும் மட்டக்குதிரைகள், குளிர்காலத்தில் பூநாரைகள். 1967 முதல் சரணாலயம் என்பதால் கட்டடக்காரர்கள் கை வைக்கவில்லை. நாவலில் பூங்குழலியின் தந்தை தியாகவிடங்கர் காத்த கலங்கரை விளக்கத்தை மட்டும் கேட்காதீர்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் மிச்சம் ஒன்று கடலோரத்தில் இருந்தது, 2004 சுனாமி அதையும் சாய்த்துவிட்டது.

குழகர் கோயிலுக்குள் போனால் சுந்தரர் தேவாரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. கடற்காற்று கடுமையாக வந்து எற்றுகிற இந்தக் கரையில், பக்கத்தில் ஒரு குடியும் இல்லாமல், 'உமக்கார் துணையாக இருந்தீரே' என்று இறைவனிடமே பரிதாபப்படுகிறார். கல்கிக்குப் பூங்குழலியை இங்கே கொண்டுவந்து வைக்கத் தோன்றியதில் எனக்கு வியப்பே இல்லை. பாட்டிலேயே தனிமை இருக்கிறது, அதற்கு ஒரு படகும் ஒரு பெண்ணும்தான் குறை.

நாகப்பட்டினத்தில் கல்கியோடு கொஞ்சம் சண்டை போடலாம். காய்ச்சலில் கிடந்த அருள்மொழியைச் சூடாமணி விகாரத்தில் ஒளித்துவைக்கிறார். அந்த விகாரத்தை ஸ்ரீவிஜய மன்னன் தன் தந்தையின் பெயரால் எழுப்பியதும், அதற்கு ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடுத்ததும் இராஜராஜன் ஆட்சியில், ஏறத்தாழ 1006இல். தான் அரசனாகி நிலம் கொடுக்கப்போகும் விகாரத்திலேயே முப்பது ஆண்டுக்கு முன்பே படுத்துக் குணமடைகிறான் இளவரசன்! காலக்கணக்குப் பார்க்கிறவர்கள் கொதிப்பார்கள். எனக்கு இந்தத் துணிச்சல் பிடித்திருக்கிறது. நாகையில் போய் விகாரத்தைத் தேடினால் மட்டும் மனம் கசக்கும். எஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். இங்கே மண்ணிலிருந்து கிடைத்த வெண்கலப் புத்தர்களில் பலரைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும். செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடன் வரை போய்ச் சேர்ந்தன, 'லைடன் செப்பேடு' என்றே பெயரும் ஒட்டிக்கொண்டது.

படம் வந்த பிறகு பேக்கேஜ் சுற்றுலாக்கள் பெருகியிருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் நான் விசாரித்த பேக்கேஜ்கள் எல்லாம் தரையோடு முடிந்துவிடுகின்றன. இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி ஈழத்தில் நடக்கும் நாவல் இது, கடலைத் தாண்டாமல் எப்படி முடிப்பது? 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஓட ஆரம்பித்தது. இடையிடையே நிறுத்துகிறார்கள், மறுபடியும் விடுகிறார்கள், பருவம் பார்த்து விசாரித்துக்கொண்டு போக வேண்டும். பாஸ்போர்ட்டும் வேண்டும். பூங்குழலி இராத்திரியில் ஒற்றை ஆளாகத் துடுப்புப் போட்டுக் கடந்த தண்ணீரை நாம் நாற்காலியில் உட்கார்ந்து கடக்கலாம். அடுத்த ஆனியில் போகலாம் என்று அக்காள் மகனோடு பேசிவைத்திருக்கிறேன். அநுராதபுரம் வரை தரைவழி தெரிந்தவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள், பஸ்ஸா ரயிலா என்பது உட்பட.