மின்காந்த ஃப்ளோமீட்டர் டீசலை அளக்காது

“மின்காந்த ஃப்ளோமீட்டரில் அசையும் பாகம் இல்லை; டீசலோ தண்ணீரோ, எதற்கும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்” என்று, குழாயில் ஓடும் திரவத்தின் அளவைக் காட்டும் இந்தக் கருவியைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நம்பி யாரும் பணத்தைக் கொட்டிவிட வேண்டாம்.

இந்த மீட்டர் ஃபாரடே விதிப்படி இயங்குகிறது. குழாய்க்குக் குறுக்கே காந்தப்புலம். அதன் ஊடே ஓடும் திரவத்தில் வேகத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் உண்டாகும். குழாய்ச் சுவரில் எதிரெதிரே பதித்த இரண்டு எலெக்ட்ரோடுகள் அதை எடுக்கும். திரவம் மின்சாரத்தைக் கடத்தாவிட்டால் எடுக்க ஒன்றுமே இல்லை. பொதுவாகச் சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமென்ஸ் கடத்துதிறனாவது வேண்டும். குழாய்த் தண்ணீரில் அது நூற்றுக்கணக்கில் இருக்கும். டீசலில், பெட்ரோலில் ஏறக்குறையப் பூஜ்யம். பாய்லருக்காகக் கனிமம் நீக்கிய நீரிலும் பெரும்பாலும் 1-க்குக் கீழேதான். தண்ணீர்தானே என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

டீசலுக்கு, முன்னால் ஒரு ஃபில்டர் வைத்து, ஓவல் கியர் மீட்டர் (திரவம் சுழற்றும் பல்சக்கரங்களின் சுற்றுகளை எண்ணுவது) போதும். நிறைக் கணக்கில் துல்லியம் வேண்டுமென்றால் கோரியோலிஸ் மீட்டர் (அதிரும் குழாயின் வழியே ஓடும் நிறையை நேரடியாக அளப்பது). கனிமம் நீக்கிய தூய நீருக்கு அல்ட்ராசோனிக் (மீயொலியால் அளப்பது) அல்லது வோர்டெக்ஸ் (ஓட்டத்தில் எழும் சுழல்களை எண்ணுவது) மீட்டர். கழிவுநீருக்கும் அமிலத்துக்கும் மின்காந்த மீட்டரையே நானும் முதலில் சொல்வேன், குழாய் நிரம்பி ஓடுமானால். ஆர்டர் போடும் முன் திரவத்தின் கடத்துதிறனைக் கேட்டு வாங்குங்கள்.