பஞ்சவர்ணக்கிளியின் சிவப்பு பழத்தில் இருந்து வருவதல்ல

‘அமேசான் காட்டின் சிவப்புப் பஞ்சவர்ணக்கிளிக்கு நிறம் தருவது அது தின்னும் சிவப்புப் பழங்கள்தான்; பீட்ரூட், கேரட் கொடுத்தால் கூண்டுக் கிளியும் சிவக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

பூநாரையின் கதையைக் கிளிக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். பூநாரை உணவிலுள்ள கரோட்டினாய்டு என்னும் நிறமிகளால் சிவக்கிறது. கிளியின் இரத்தத்திலும் அவை ஓடுகின்றன, ஆனால் இறகுக்கு நிறம் தருவது அவையல்ல. சிட்டகோஃபுல்வின் என்னும் சிவப்பு, மஞ்சள் நிறமிகளை, இறகு முளைக்கும்போதே உடல் தயாரித்துக்கொள்கிறது.

நீலத்துக்கு நிறமியே கிடையாது. இறகிழையிலுள்ள கெராட்டின் என்னும் புரதத்தாலான நுண்ணிய அமைப்பு நீல ஒளியைச் சிதறடிக்கிறது. அடியில் இருக்கும் மெலனின் என்னும் கருநிறமி மற்ற ஒளியை உறிஞ்சிவிடுகிறது. முழுநீல ஹயசிந்த் பஞ்சவர்ணக்கிளியின் உதிர்ந்த இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீலம் மங்கிப் பழுப்பாகத் தெரியும். (சிவப்புப் பஞ்சவர்ணக்கிளியின் சிறகிறகு இதற்கு உதவாது: மேலே நீலம், கீழே சிவப்பு.) இந்த நீலத்தோடு மஞ்சள் நிறமி சேர்ந்தால் பச்சை.

வளர்ந்து முடிந்த இறகு உயிரற்றது. எதை ஊட்டினாலும் அதன் நிறம் மாறாது. புதிதாக முளைக்கும் பச்சை இறகில் கறுப்போ மஞ்சளோ தெரிந்தால் சத்துக்குறைவு அல்லது ஈரல் கோளாறு இருக்கலாம். பறவை மருத்துவரிடம் காட்டுங்கள். கேரட்டைத் தாராளமாகக் கொடுக்கலாம், வைட்டமின் ஏ-வுக்காக.