மூன்று வருடம் இல்லை, நான்கு
"ஸ்காட்லாந்தில் மூன்றே வருடத்தில் டிகிரி முடிந்துவிடும், அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வருடச் செலவு மிச்சம்" என்று, ஸ்காட்லாந்தில் போய்ப் படிக்கும் அமெரிக்க மாணவர்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் இருப்பது இங்கிலாந்துக் கணக்கு. ஸ்காட்லாந்தில் ஹானர்ஸ் பட்டம் நான்கு வருடம்; செயின்ட் ஆண்ட்ரூஸ், எடின்பரோ போன்ற பழைய பல்கலைக்கழகங்களில் கலைப்பிரிவின் முதல் பட்டத்துக்கே எம்.ஏ. என்றுதான் பெயர் (ஊருக்குத் திரும்பி இதை விளக்கியே அலுத்துப்போகும்). அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'அங்கே படிப்பு இலவசமாச்சே' என்கிறார். அது ஸ்காட்லாந்திலேயே வசிக்கும் மாணவர்களுக்கு. அமெரிக்கர்கள் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் கட்ட வேண்டும். அப்புறம் விசாவோடு வருடத்துக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணம் தனி. ஆனால் விண்ணப்பிப்பது எளிது என்று கட்டுரை சொல்வது சரி. நியூ ஜெர்சியில் வளர்ந்த என் அக்கா மகள் யூகாஸ் (பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) வழியாக ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடங்களுக்குப் போட்டாள். நீச்சல் கோப்பை, தொண்டு வேலை பற்றியெல்லாம் யாரும் கேட்கவில்லை, ஏ.பி. (அமெரிக்கப் பள்ளிகளில் எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) மதிப்பெண்ணைத்தான் பார்த்தார்கள். முதல் செமஸ்டரில் ஒரு அசைன்மென்ட்டுக்கு 68 வந்ததும் ராத்திரி போன் போட்டு அழுதாள். அங்கே 70 எடுத்தாலே முதல் வகுப்பு என்று அவளுக்குப் புரிய மூன்று நாள் ஆயிற்று.