எந்த வருஷங்களை எழுதாமல் விடுவது?

மூன்று தலைமுறைக் கதை எழுதப் போகிறேன் என்று சொல்கிற நண்பர்கள் பலரும் முதலில் காட்டுவது ஒரு வம்சாவளிப் படத்தைத்தான். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் எப்போது இறந்தார்கள் என்று எல்லாவற்றையும் கோடு போட்டு எழுதியிருப்பார்கள். அது வேண்டியதுதான், பெயர் குழம்பாது. ஆனால் படத்தில் இருக்கிற ஒவ்வொரு கல்யாணத்தையும் சாவையும் வரிசையாகக் கதைக்குள் கொண்டுவர ஆரம்பித்தால் நாவல் அங்கேயே செத்துவிடும். எனக்குப் பிடித்த குடும்ப நாவல்களைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. எங்கே நிற்பது, எத்தனை வருஷத்தைத் தாண்டுவது என்பதில்தான் வித்தை முழுக்க இருக்கிறது.

ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன்னின் 'புட்டன்புரூக்ஸ்' நாவல் 1901இல் வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தானிய வியாபாரக் குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறைச் சரிவு, 1835 தொடங்கி நாற்பது வருஷத்துக்கும் மேல். ஆனால் முதல் பாகம் முழுக்க ஒரே ஒரு நாள் விருந்துதான்! புது வீட்டில் சாப்பாடு, பேச்சு, சிரிப்பு, எல்லாரும் போன பிறகு பணத்தைப் பற்றி அப்பாவும் மகனும் பேசுகிற பேச்சு. அந்தக் குடும்பத்தைப் பிறகு உடைக்கப்போகிற விரிசல் அங்கேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் வருஷங்கள் ஓடுகின்றன. கடைசியில் ஹன்னோ என்ற பையனின் ஒரு பள்ளி நாளுக்காகக் கதை மறுபடியும் நின்று நிதானிக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் அவன் சாகிறான், ஆனால் சாவுக் காட்சி கிடையாது. டைபாய்டு காய்ச்சல் ஒரு உடம்பை எப்படிப் படிப்படியாகப் பிடிக்கும் என்று மருத்துவப் புத்தகம் போல எழுதிவிட்டுப் போகிறார் மன். யாரும் அழாத அந்தப் பக்கங்களைத்தான் என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிவதில்லை.

எகிப்திய எழுத்தாளர் நகிப் மாஃபூஸ் கெய்ரோ குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதிய மூன்று நாவல்கள் இதைவிடத் துணிச்சலானவை என்பேன். (இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) முதல் நாவல் முடியும்போது 1919 விடுதலைப் போராட்ட ஊர்வலத்தில் மகன் ஃபஹ்மி சுடப்பட்டு இறக்கிறான். அடுத்த நாவல் துக்க வீட்டில்தான் தொடங்கும் என்று நினைப்போம். ஆனால் ஐந்து வருஷம் தாண்டிவிடுகிறார். மகன் போனதிலிருந்து பெண்கள் சகவாசத்தை விட்டிருந்த அப்பா மறுபடியும் அந்தப் பக்கம் திரும்புகிறார், அவ்வளவுதான். ஒப்பாரி ஒரு வரிகூட எழுதாமல், அந்த ஐந்து வருஷம் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது.

கி. ராஜநாராயணன் வேறு வழியில் போகிறார். 'கோபல்ல கிராமம்' நாவலில் முன்னோர்கள் ஊரை விட்டு ஓடிவந்த கதை மங்கத்தாயாரு அம்மாளின் வாய்மொழியாக வருகிறது. ரொம்ப வயதான ஒருவரின் நினைவு தானாகவே வருஷங்களைத் தாண்டும், பிடித்த இடத்தில் நிற்கும், கொஞ்சம் கூட்டியும் சொல்லும். பழைய தலைமுறையை நேரடியாக எழுதத் தகவல் போதாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலைப் படித்துவிட்டுப் பாத்திரங்களுக்கு ஒரே பெயரை மாற்றி மாற்றி வைப்பவர்கள் உண்டு. அங்கே பெயரோடு குணமும் சேர்ந்து இறங்குகிறது. அவுரேலியானோக்கள் ஒதுங்கி இருப்பார்கள், ஹோசே அர்க்காதியோக்கள் முரட்டுத்தனமாகப் பாய்வார்கள், அதைக் கவனித்துச் சொல்லக் குடும்பத்தின் மூதாட்டி உர்சுலா இருக்கிறாள். அப்படி ஒரு காரணம் இல்லாமல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால் வாசகருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

எழுதத் தொடங்கியிருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, உங்கள் வம்சாவளிப் படத்திலிருந்து நாலைந்து நாட்களை மட்டும் எடுங்கள். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே கூடிய நாளாக இருந்தால் நல்லது. ஒவ்வொன்றையும் நூறு பக்கத்துக்குக்கூட எழுதுங்கள், தப்பில்லை. நடுவில் போன பத்து வருஷத்தை விளக்கி ஒரு பத்தி எழுதக் கை துறுதுறுக்கும், அதை எழுதாதீர்கள். யாருடைய நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் பெயரை எடுத்ததும் பேச்சு நின்றுபோகிறது என்பதை வைத்து வாசகரே கண்டுபிடித்துக்கொள்வார்.