சூழ்ச்சி என்றால் சதி மட்டும்தானா?

"சூழ்ச்சி" என்றதும் இன்று நினைவுக்கு வருவது டிவி சீரியலில் கண்ணை உருட்டும் மாமியார்தான். அந்த அர்த்தத்தோடு குறளுக்குள் போனால் வம்பு. 554ஆம் குறளைப் பாருங்கள்:

கூழுங் குடியும் ஒருங்கிழக்கும் கோல்கோடிச்
சூழாது செய்யும் அரசு.

சதி செய்யாத அரசன் பொருளையும் குடிகளையும் சேர்த்து இழப்பான் என்றா படிப்பது? ஆராயாமல் செய்கிறவன் இழப்பான் என்கிறார் வள்ளுவர்.

சூழ்தல் என்றால் எண்ணிப் பார்ப்பது, கலந்தாலோசிப்பது. நல்லதற்கும் சூழலாம், கெட்டதற்கும் சூழலாம். "மறந்தும் பிறன்கேடு சூழற்க சூழின் அறஞ்சூழும் சூழ்ந்தவன் கேடு" (204). இங்கே அறமே சூழ்கிறது! கெட்டது 'கேடு' என்ற சொல்லில் இருக்கிறதே தவிர, சூழ்வதில் இல்லை. 176இல் "பொல்லாத சூழ", அதாவது பொல்லாதவற்றைச் சூழ என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருப்பதும் அதனால்தான்.

எப்படிச் சூழ்வது என்று 461 கணக்கே போட்டுத் தருகிறது: அழிவது, ஆவது, வழிபயக்கும் ஊதியம். கறவை மாடு வாங்குகிறீர்கள். மாட்டின் விலை, தீவனம், வைத்தியச் செலவு எல்லாம் அழிவது. பால் பணம் ஆவது. கன்று வளர்ந்து கறவைக்கு வந்தால் அது பின்னால் வரும் ஊதியம். பலர் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவதை மட்டும் பார்த்துக் கையில் இருந்ததையும் விடுகிறவர்கள் இன்னொரு ரகம். அவர்களுக்குத்தான் 463: "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்". மாதம் பத்து வட்டி என்று ஆசை காட்டும் விளம்பரங்களுக்கு அடியில் ஒட்டிவைக்க வேண்டிய வரி.

சூழ்ந்துகொண்டே இருப்பதும் கூடாது. "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்" (671). முடிவெடுத்தபின் தள்ளிப்போடுவது தீது என்று அதே குறளின் இரண்டாம் அடி சொல்கிறது. நம் சங்கக் கூட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கின்றன.

அதற்காக இன்று ஒருவரைப் பாராட்டி "நல்ல சூழ்ச்சிக்காரர்" என்று எழுதிவிடாதீர்கள், சண்டைக்கு வந்துவிடுவார். எழுத்தில் மதிநுட்பம் பொருந்தும். 636இல் வள்ளுவர் அதை நூலறிவோடு சேர்த்தே அமைச்சரிடம் எதிர்பார்க்கிறார். பேச்சில் சாமர்த்தியம் போதும். ஆனால் அதுவும் மெல்லச் சரிகிறது என்பது என் எண்ணம். "பெரிய சாமர்த்தியசாலிதான்" என்று இழுத்துச் சொன்னால் அது பாராட்டா என்ன?

சமயோசிதம் வேறு. உட்கார்ந்து ஆராய நேரமில்லாதபோது சட்டென்று தோன்றும் அறிவு அது. சமயம், உசிதம் இரண்டும் சேர்ந்தது; "சமயோஜிதம்" என்று எழுதுவது பிழை.