நியூஜெர்சியின் 2% வரம்பு: பில் ஏன் ஏறுகிறது, டீச்சர் ஏன் குறைகிறார்

"2 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்கே, எனக்கு மட்டும் எப்படி 6 ஏறிச்சு?" சொத்து வரி பில் வரும்போதெல்லாம் நியூஜெர்சித் தமிழர்கள் கேட்கும் கேள்வி இது.

சட்டம் இருப்பது உண்மை. 2010-ல் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி காலத்தில், அதுவரை 4% ஆக இருந்த வரம்பை 2% ஆக்கினார்கள். ஆனால் அது உங்கள் பில்லுக்குப் போட்ட வரம்பு இல்லை. ஊர் முழுக்க வசூலிக்கும் மொத்தத் தொகைக்கு, அதாவது லெவிக்கு, போட்டது. அதை வீட்டு மதிப்புக்குத் தக்கபடி பங்கு பிரிக்கிறார்கள். ரீவேல்யுவேஷனில் (ஊர் வீடுகளின் மதிப்பை மறுபடி கணக்கிடுவது) ஊர் சராசரியைவிட உங்கள் வீடு அதிகம் ஏறியிருந்தால், லெவி ஒரு டாலர்கூட ஏறாத வருடத்திலும் உங்கள் பில் ஏறும். பள்ளிக் கட்டடத்துக்கு வாங்கிய பாண்டு கடனின் தவணையும் வரம்புக்கு வெளியே.

இனி, இதே வரம்புக்குள் பள்ளிகளை நடத்த வேண்டிய ஸ்கூல் போர்டு பக்கம். ஒரு கணக்குக்கு, லெவி 10 கோடி டாலர் என்று வையுங்கள். 2% என்றால் 20 லட்சம். சம்பளம் 8.5 கோடி, ஒப்பந்தப்படி 3% உயர்வு: 25.5 லட்சம். ஆக, வரம்பு சம்பளத்துக்கே போதவில்லை. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 1.8 கோடி, 12% ஏறினால் இன்னொரு 21.6 லட்சம். இதில் 2 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதிக்குச் சட்டமே விலக்கு தருகிறது (மாநில அரசு ஊழியர் இன்ஷூரன்ஸ் திட்டத்தின் சராசரி உயர்வு வரைதான்). முழுசாகக் கிடைத்தால் 18 லட்சம். இப்போது லெவி 3.8% ஏறிவிட்டது, அப்படியும் 9.1 லட்சம் துண்டு விழுகிறது. ஸ்பெஷல் எஜுகேஷன், பஸ் கான்ட்ராக்ட் எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. மாநில உதவியும் குறைந்தால் லைப்ரரியன் போவார், ஆர்ட் டீச்சர் போவார், அப்புறம் வகுப்புக்கு 22 பேர் 27 ஆவார்கள். வரி கட்டுகிறவருக்கும் நிம்மதியில்லை, பிள்ளைக்கும் நஷ்டம்.

இன்னொரு கோளாறு. இந்த வருடம் 2% எடுக்காமல் விட்டால் அடுத்த வருடக் கணக்கின் அடித்தளமே சிறுத்துவிடும். விட்டதை மூன்று வருடத்துக்குள் எடுக்கலாம், அதற்குப் பிறகு போச்சு. அதனால் தேவை இருக்கோ இல்லையோ, பல போர்டுகள் முழு 2 சதவீதத்தையும் எடுத்துவிடுகின்றன. உச்சவரம்பு என்று வைத்தது குறைந்தபட்ச உயர்வாக மாறிய கதை!

வரம்பே வேண்டாம் என்பவன் இல்லை நான். விலைவாசி 8% ஏறிய 2022-லும் அதே 2 என்பதுதான் இடிக்கிறது. நியூயார்க்கில் 2% அல்லது விலைவாசி உயர்வு, எது குறைவோ அது. மீற 60% ஓட்டு வேண்டும். அது இதைவிட மோசம். கலிஃபோர்னியாவில் 1978-ன் 13-ஆம் பிரேரணை, வீடு கைமாறும்வரை வரி மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறவிடாது. அடுத்தடுத்த இரண்டு ஒரே மாதிரி வீடுகள். புதிதாக வாங்கியவர் பழையவரைப்போலப் பல மடங்கு கட்டுகிறார். வரம்பை விலைவாசியோடு கட்டி, பென்ஷனில் இருக்கும் முதியவர்களின் சுமையை ‘சீனியர் ஃப்ரீஸ்’ (முதியவர்களுக்கு ஏறிய வரியைத் திருப்பித் தரும் நியூஜெர்சித் திட்டம்) மாதிரி அவர்களுக்கே நேராகக் குறைப்பதுதான் சரியென்று படுகிறது.

போர்டு பட்ஜெட் விசாரணைக் கூட்டம் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரவாக்கில் வரும். அதற்கு முன் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் பட்ஜெட் விவரத்தைத் திறந்து, ‘பேங்க்டு கேப்’ (முந்தைய வருடங்களில் எடுக்காமல் விட்ட உயர்வு) எவ்வளவு, அது எந்த வருடம் காலாவதி, இன்ஷூரன்ஸ் விலக்கு எவ்வளவு கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மைக்கில் கிடைக்கும் மூன்று நிமிடத்துக்கு இந்த மூன்று கேள்வி போதும்.