கவுன்சலிங் யாருக்காக?

வீட்டை விட்டுப் போன காதலர்களுக்குக் காவல் நிலையத்தில் கவுன்சலிங் கொடுத்துப் பெற்றோருடன் அனுப்பிவைத்தார்கள் என்ற செய்தியை அடிக்கடி படிக்கிறோம். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தபோது பெண்களுக்கு அது பெரிய தைரியம். ஆனால் அடிபட்டு வந்தவளிடம் "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதையும் நாம் கவுன்சலிங் என்றே சொல்கிறோம். பள்ளிகளிலும் இதே கதைதான். மதிப்பெண் குறைந்த பையனைக் கூட்டிவந்து, "நீங்களாவது புத்தி சொல்லுங்கள் சார்" என்று உட்கார வைக்கிறார்கள். முடிவைப் பெரியவர்கள் முன்பே எடுத்துவிட்டார்கள். தலையாட்ட வைக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும்.

அப்பா இறந்தபின் தூக்கமில்லாமல், யாரிடமும் பேசப் பிடிக்காமல் இருந்த நாட்களில் நானாகவே ஓர் ஆலோசகரைத் தேடிப் போனேன். அந்த அம்மையார் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா மேல் கோபம் உண்டா?" என்றார். செத்தவர் மேல் கோபமா என்று எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். உண்டு. வைத்தியத்துக்கு வராமல் பிடிவாதம் பிடித்த மனிதர் அவர். அன்று அழுதேன்; அழுகையை நிறுத்த அந்த அம்மையார் அவசரப்படவில்லை. அதன் பிறகுதான் அப்பாவைப் பற்றித் தம்பியிடம் மனம்விட்டுப் பேச முடிந்தது. ஒரே நாளில் நடந்ததல்ல. சில வாரங்களில், போகும்போது இருந்ததைவிட மோசமாகவே திரும்பி வந்திருக்கிறேன்.

வந்தவரை எடைபோடாமல் ஏற்றுக்கொள்வது, அவர் நிற்கும் இடத்திலிருந்து அவரைப் புரிந்துகொள்வது, போலியாக நடிக்காமல் இருப்பது: அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சென்ற நூற்றாண்டின் நடுவிலேயே வற்புறுத்தியவை இவை. மிரட்டலுக்கு இதில் இடமே இல்லை.

இன்னொன்று, ரகசியம். வெளியே வந்ததும் "உள்ளே என்ன பேசினாய்?" என்று குடைகிற வீடுகள் எத்தனை! சிகிச்சை பெறுபவரின் விவரங்களைக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வேறு. அப்போது குடும்பத்துக்குத் தெரிந்தாக வேண்டும். மற்றபடி, நாம் துருவுவோம் என்று தெரிந்த பிள்ளை அடுத்த முறை அங்கேயும் வாயைத் திறக்காது.

செலவுக்கு அஞ்சுகிறவர்களுக்கு மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். உங்கள் வீட்டில் யாராவது சுருண்டு கிடந்தால் இந்த எண்ணைக் கொடுங்கள். அவர்கள் பேசும்போது அறையை விட்டு வெளியே போய்விடுங்கள்.